காத்திருக்கும் காய்ச்சல்: சங்கரன்கோவில் சீமையும் ரத்த ஒட்டுண்ணிகளும்

1809 தொடங்கி 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி ஆகிய நான்கு சீமைகளையும் ஒரு காய்ச்சல் உலுக்கி எடுத்தது. பாளையக்காரர் போர்கள் 1801இல் ஓய்ந்து, ஊர்கள் மெல்ல மெல்ல உழவுக்குத் திரும்பியிருந்த நேரம் அது. காரணத்தைக் கண்டறியச் சென்னை அரசாங்கம் மருத்துவர் குழு ஒன்றை அமைத்தது. குழுவில் இருந்தவர்களில் ஒருவர் வில்லியம் ஐன்ஸ்லி; இந்நாட்டு மருந்துச் சரக்குகளைப் பற்றி 1813இல் சென்னையில் நூல் வெளியிட்டவர். குழுவின் அறிக்கை 1816இல் லண்டனில் அச்சாகியது. மருத்துவம், புவியியல், வேளாண்மை என்ற மூன்றும் அதன் தலைப்பிலேயே இடம்பெற்றன. மண்ணையும் மழையையும் பயிரையும் ஆராயாமல் காய்ச்சலை விளங்கிக்கொள்ள முடியாது என்பதை அந்தக் குழு உணர்ந்திருந்தது.

விட்டுவிட்டு வந்த அந்தக் காய்ச்சலின் போக்கு இன்று படிப்பவருக்கு மலேரியாவை நினைவூட்டும். அன்றைய மருத்துவத்துக்கு ஒட்டுண்ணியும் தெரியாது, கொசுவின் பங்கும் தெரியாது. ஈர மண்ணிலிருந்தும் அழுகும் இலைதழையிலிருந்தும் எழும் கெட்ட ஆவிதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று உலகமே நம்பிய காலம்.

சங்கரன்கோவில் அன்று திருநெல்வேலிச் சீமைக்குள் அடக்கம்; 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிரியும் வரை அப்படியே இருந்தது. கரிசலும் செம்மண்ணுமாக, பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரி வட்டாரம். வானம் பார்த்த இந்த மண்ணில், சதுப்பு நிலத்து நோய் என்று பலரும் எண்ணும் மலேரியாவுக்கு என்ன வேலை? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனால் ரத்த ஒட்டுண்ணிகளின் அடிப்படைக் குணம் ஒன்று பிடிபடும். அவற்றின் பெரும்பலம் பொறுமை. மழைக்கும், கொசுவுக்கும், மனிதரின் மறதிக்கும் அவை காத்திருக்கின்றன. அவற்றை எதிர்த்து நாம் தோற்ற இடங்களில் எல்லாம் நம் பொறுமை முதலில் தீர்ந்துபோயிருக்கிறது.

ரத்தத்துக்குள் நடப்பது

மலேரியாவை உறுதிசெய்யும் பரிசோதனை இன்றும் எளிமையானதுதான். மோதிர விரல் நுனியைப் பஞ்சால் துடைத்து, லேசாகக் குத்தி, கண்ணாடிச் சிலைடில் இரண்டு இடங்களில் ரத்தம் வைப்பார்கள். ஒன்றைச் சிறு வட்டமாகக் கலக்கி விட்டால் அது கெட்டித் தடவல். மற்றதை இன்னொரு சிலைடின் விளிம்பால் ஒரே இழுப்பில் இழுத்தால் மென் தடவல். கெட்டித் தடவலில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று தெரியும். மென் தடவலில் அது எந்த வகை என்று தெரியும். காய்ந்தபின் நீலமும் சிவப்புமான ஜே.எஸ்.பி. சாயம் ஏற்றுவார்கள். ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி என்ற இந்திய விஞ்ஞானிகள் 1940களில் உருவாக்கிய சாயம் இது. எண்ணெய்ச் சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது, வரிசையாகக் கிடக்கும் ரத்தச் சிவப்பணுக்களில் ஏதோ ஒன்றுக்குள் மட்டும் கல் பதித்த மோதிரம் போல ஒரு நீல வளையமும் அதன் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளியும் தென்படும். அதுதான் பிளாஸ்மோடியம். பிரெஞ்சு ராணுவ மருத்துவர் அல்போன்ஸ் லாவெரான் 1880 நவம்பரில் அல்ஜீரியாவில் ஒரு நோயாளியின் ரத்தத்தில் முதன்முதலில் கண்ட உயிரி.

அனோபிலஸ் பெண்கொசு கடிக்கும்போது உடலுக்குள் வரும் ஒட்டுண்ணி நேரே ஈரலுக்குப் போகிறது. அங்கே ஒரு வாரம் அளவில் சத்தமில்லாமல் பெருகுகிறது. அந்த நாட்களில் காய்ச்சலோ வலியோ எதுவும் இராது. பிறகு ஆயிரக்கணக்கில் வெளிவந்து சிவப்பணுக்களுக்குள் புகுந்து, அவற்றிலுள்ள ஹீமோகுளோபினைத் தின்று வளர்கிறது. 48 மணி நேரத்தில் அணு வெடிக்கிறது; புதிய ஒட்டுண்ணிகள் அடுத்தடுத்த அணுக்களைத் தேடிப் போகின்றன. அணுக்கள் ஒரே நேரத்தில் வெடிக்கும்போதுதான் பல் கிட்டும் குளிரும், கொதிக்கும் காய்ச்சலும், பிறகு உடம்பை நனைக்கும் வியர்வையும் வருகின்றன. ஒன்றுவிட்டு ஒரு நாள் வரும் முறைக்காய்ச்சலின் கணக்கு இதுதான்.

இந்தியாவில் மலேரியாவைத் தருபவை பெரும்பாலும் இரண்டு வகைகள். ஃபால்சிபாரம் கொடியது. அது புகுந்த அணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மூளையில் ஒட்டினால் நினைவு தப்பும், சிறுநீரகம் செயலிழக்கலாம், கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியில் தங்கினால் குழந்தை எடை குறைந்து பிறக்கும். வைவாக்ஸ் அவ்வளவு சீக்கிரம் கொல்லாது. ஆனால் அதன் ஒரு பகுதி ஈரலிலேயே உறங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து விழித்தெழும். கொசு கடிக்காமலே மறுபடி காய்ச்சல் வரும். ஒவ்வொரு சுற்றிலும் ரத்தம் குறைந்துகொண்டே போகும், மண்ணீரல் வீங்கும். ஏற்கெனவே ரத்தசோகையில் இருக்கும் பெண்ணுக்கும் குழந்தைக்கும் இந்தத் தொடர் இழப்பு பேரிழப்பு.

வைவாக்ஸுக்கு மூன்று நாள் குளோரோகுயின் கொடுக்கிறார்கள். அது ரத்தத்தில் இருப்பதைக் கொல்லும். ஈரலில் உறங்குவதைக் கொல்ல பிரைமாகுயின் வேண்டும். நடைமுறையில் உள்ள முறைப்படி அதை 14 நாள் தொடர்ந்து விழுங்க வேண்டும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மருந்து சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கொடுப்பதில்லை. எனவே மருத்துவர் கண்காணிப்பு அவசியம். ஆனால் மூன்றாவது நாளே காய்ச்சல் நின்றுவிடுகிறது. நாலாவது நாள் வேலைக்குப் போகிறவருக்கு மீதி மாத்திரை வேண்டாததாகத் தோன்றுகிறது. ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ளும் இடம் அதுதான்.

பழகாத உடம்பு

மலேரியா ஆண்டு முழுவதும் புழங்கும் நாட்டில் அது குழந்தைகளைக் கொல்கிறது; தப்பிப் பிழைத்து வளர்ந்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி தங்கிவிடுகிறது. எப்போதாவது மட்டும் மலேரியா எட்டிப் பார்க்கும் ஊரில் அந்தச் சக்தி யாருக்கும் இருப்பதில்லை. பருவம் பிசகி, கொசு பெருகி, எங்கிருந்தோ ஒருவர் ரத்தத்தில் ஒட்டுண்ணியும் வந்து சேர்ந்தால், பெரியவர் சிறியவர் பாராமல் ஊரே படுத்துவிடும். நோய் குறைவாக இருந்த நிலமே கொள்ளைநோய்க்கு வாகான நிலம் ஆகிறது.

இலங்கையில் 1934–35இல் நடந்தது இதற்குப் பெரிய சான்று. மழை பொய்த்து, ஓடிய ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. அந்தத் தெளிந்த தேக்கங்களில் அனோபிலஸ் குலிசிஃபேசிஸ் கொசு கணக்கில்லாமல் பெருகியது. மலேரியாவோடு பழகிய வறண்ட வலயத்தைவிட, அதிகம் பழகாத ஈர வலயத்து மக்களே மிகுதியாக மடிந்தார்கள். சுமார் 80,000 உயிர்கள் போயின. அங்கே வறட்சி கொசுவுக்கு உதவியது; வேறு இடங்களில் எதிர்பாராத மழை உதவும். ஈரமா, வறட்சியா என்பதைவிட, வழக்கமான பருவம் குலைந்ததா என்பதும் அந்த உடம்புகள் நோய்க்குப் பழகியவையா என்பதும்தான் முக்கியம். மானாவாரிச் சீமைகளில் 1809–11இல் வந்த காய்ச்சலையும் இப்படித்தான் விளங்கிக்கொள்ள முடிகிறது.

தண்ணீரைக் கொண்டுவரும் நல்ல திட்டமும் நோயைக் கொண்டுவரலாம். 1934இல் மேட்டூர் அணை முடிந்து, காவிரி நீர் பட்டுக்கோட்டைப் பக்கத்துப் புதுப் பாசன நிலங்களுக்குப் பாய்ந்தது. கூடவே மலேரியாவும் பரவியது. ராக்பெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் அங்கே தங்கி ஆராய்ந்து, குறையும் ஒழுங்கின்மையும் உள்ள பாசனம்தான் நோய்க்குக் காரணம் என்று 1938இல் எழுதினார். வாய்க்கால் கசிவு, வடிகால் இல்லாத பள்ளம், மண் தோண்டிய குழி ஆகியவற்றில் தேங்கிய நீரைத்தான் அவர் சுட்டிக்காட்டினார். வீடுகளுக்குள் பைரெத்ரம் தெளித்து, அடைந்திருக்கும் கொசுவைக் கொல்லும் முறையையும் அவரும் சகாக்களும் அந்தச் சுற்றுவட்டார ஊர்களில் சோதித்துப் பார்த்தார்கள்.

தமிழ் நிலம் மலேரியா ஆய்வுக்குத் தந்த பங்கு இதோடு முடியவில்லை. 1860களில் நீலகிரியில் சின்கோனா மரம் வளர்த்தார்கள். அதன் பட்டையிலிருந்து எடுத்த நான்கு வகைக் காரச்சத்துகளை 1866 முதல் 1868 வரை சென்னை மாகாணக் குழு சுமார் 3,600 நோயாளிகளிடம் ஒப்பிட்டுச் சோதித்தது. 1897இல் விடுப்பில் நீலகிரி வந்த ரொனால்ட் ரோஸ் சீகூர் மலைச்சரிவில் தாமே மலேரியாவில் விழுந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் தேதி செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றுச் சுவரில் ஒட்டுண்ணி வளர்வதை அவர் கண்டார். அதே நீலகிரியின் மலைமக்களிடம் 1952இல் அரிவாள் வடிவ ரத்த அணுக்கள் இருப்பது கண்டறியப்பட்டது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தால் அது கொடிய மலேரியாவைத் தாங்க உதவுகிறது. இருவரிடமிருந்தும் வந்தால் வாழ்நாள் நோயாகிறது. மனித மரபணுவையே மாற்றி எழுதும் அளவுக்கு இந்த ஒட்டுண்ணி நம்மோடு நெடுங்காலம் இருந்திருக்கிறது.

இரவில் வரும் புழு

யானைக்கால் நோயைத் தரும் ஃபைலேரியா புழுவின் பொறுமை இன்னும் நீண்டது. முதிர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் ஐந்தாறு ஆண்டுகள், சில நேரம் அதற்கும் மேல் வாழும். பெண்புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள நூலிழை. அது ஈனும் கோடிக்கணக்கான குஞ்சுகள் ரத்தத்தில் மிதக்கும். பகலில் நுரையீரலின் நுண்குழாய்களில் பதுங்கிக்கொண்டு, இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை தோலடி ரத்தத்துக்கு ஏறி வரும். அவற்றைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு கடிக்க வரும் நேரமும் அதுவே.

கல்கத்தாவில் திமோதி லூயிஸ் 1872இல் இந்தக் குஞ்சுகளை மனித ரத்தத்தில் கண்டார். ஐந்தாண்டு கழித்து சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன், கொசுவின் உடலுக்குள் அவை வளர்வதைக் கண்டார். பூச்சியின் வழி மனிதநோய் பரவும் என்ற அறிவுக்கு அடித்தளமே இந்தப் புழுதான். ஃபைலேரியா கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் ஊரடங்கிய பின் வீடு வீடாகக் கதவைத் தட்டி, தூங்கி எழுந்தவர்களின் விரலில் குத்தி ரத்தம் எடுத்த வழக்கம் இதனால் வந்தது. பகலில் எடுத்த ரத்தம் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடும்.

ரத்தத்தில் புழுக்குஞ்சு உள்ள பலருக்கும் கால் வீக்கம் இருப்பதில்லை. அவர்கள் நடமாடுவார்கள், வேலை செய்வார்கள், கொசுவுக்குப் புழுவையும் கொடுப்பார்கள். கால் வீங்கியவர்களில் பலரின் ரத்தத்தில் குஞ்சு இராது; அவர்களிடமிருந்து யாருக்கும் பரவாது. ஆனால் ஒதுக்கப்படுவது அவர்கள்தாம். பெண் பார்க்க வருகிறவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று பாதத்தை மறைத்து வாழ்ந்த பெண்களும், விரைவீக்கத்தை வெளியே சொல்லக் கூசி அறுவைசிகிச்சைக்கே போகாத ஆண்களும் நம் ஊர்களில் ஏராளம். வீங்கிய காலைத் தினமும் சோப்பு போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்து, புண்ணுக்கு மருந்திட்டு, செருப்பணிந்து நடந்தால் அடிக்கடி வரும் நெறிகட்டிய காய்ச்சல் குறையும். வீக்கம் முற்றுவதும் மட்டுப்படும். விரைவீக்கத்தை அறுவைசிகிச்சையால் சரிசெய்யலாம்.

டி.இ.சி. மாத்திரை குஞ்சுகளைக் கொல்லும். முதிர்ந்த புழுவை முழுதாக ஒழிப்பது கடினம். அதனால்தான் நோய் பரவும் மாவட்டங்களில் எல்லாருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை, குறைந்தது ஐந்தாண்டு, மாத்திரை கொடுக்கும் முறை வந்தது. புழு கிழடாகிச் சாகும் வரை அது ஈன்றதையெல்லாம் அழித்துக்கொண்டே இருக்க வேண்டும். நோயில்லாத நான் ஏன் விழுங்க வேண்டும் என்ற கேள்வியோடு மாத்திரையை மாடத்தில் போட்டு வைத்தவர்களால்தான் பரவல் நீடித்தது. திருக்கோவிலூர் வட்டார கிராமங்களில் நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. மருந்தோடு, குழிகளில் மிதக்கும் பாலிஸ்டைரீன் மணிகளைப் பரப்பிக் கொசுப் புழுவை மூச்சுத்திணற வைப்பது போன்ற கொசுக் கட்டுப்பாட்டையும் சேர்த்த ஊர்களில் பலன் கூடுதல் காலம் நிலைத்தது.

இதே வரிசையில் சேரும் மூன்றாவது ஒட்டுண்ணிக்கும் சென்னைக்கும் உறவு உண்டு. 1903 ஜூலையில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன், காய்ச்சலில் கிடந்த ஒரு சிறுவனின் வீங்கிய மண்ணீரலிலிருந்து எடுத்த மாதிரியில் புதிய உயிரி ஒன்றைக் கண்டார். அதே ஆண்டு வில்லியம் லீஷ்மனும் அதை விவரித்திருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டவர் ரொனால்ட் ரோஸ். அந்த உயிரியால் வந்து, மணல் ஈ பரப்பும் காலா அசார் நோய் பிகாரையும் வங்கத்தையும் நெடுங்காலம் வாட்டியது. அது குணமான பின்னும் சிலருடைய தோலில் வெளிறிய திட்டுகளாக ஒட்டுண்ணி ஆண்டுக்கணக்கில் தங்கி, மறுபடி பரவ வாய்ப்புக்குக் காத்திருக்கிறது.

பாதியில் நின்ற போர்

சுதந்திரம் வந்தபோது இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 7.5 கோடிப் பேருக்கு மலேரியா. 8 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது அன்றைய மதிப்பீடு. 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, டி.டி.டி. தெளிப்பால் நோய் வேகமாகச் சரிந்தது. 1965இல் ஏறக்குறைய ஒரு லட்சமாக இறங்கியது. வென்றுவிட்டோம் என்ற எண்ணம் வந்தது, கண்காணிப்பு தளர்ந்தது, கொசு மருந்துக்குப் பழகியது. 1976இல் 64 லட்சம் பேருக்கு மேல் நோய். இலங்கையில் 1963இல் வெறும் 17 பேருக்கு இருந்தது. 1968–69இல் ஐந்து லட்சத்துக்கு மேல் போனது.

இலங்கை அந்த அடியிலிருந்து கற்றுக்கொண்டது. உள்நாட்டுப் போருக்கு நடுவிலும் ரத்தப் பரிசோதனையை விடவில்லை. உள்ளூர்த் தொற்று 2012 அக்டோபரோடு நின்றது. 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. யானைக்கால் நோயைப் பொதுச்சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்ததற்கான அங்கீகாரமும் அதே ஆண்டு கிடைத்தது. இந்தியாவிலும் பதிவான மலேரியா 2015இல் 11.69 லட்சமாக இருந்து 2023இல் 2.27 லட்சமாகக் குறைந்திருக்கிறது. இது பெரிய சாதனை. 1965இலும் இப்படி ஒரு சாதனை இருந்தது என்பதை மறக்கக் கூடாது. உலகில் 2023இல் மட்டும் 26.3 கோடிப் பேருக்கு மலேரியா வந்து, 5.97 லட்சம் பேர் இறந்தார்கள்.

இன்றைய சங்கரன்கோவில்

இன்று தமிழ்நாட்டு மலேரியாவின் முகம் மாறிவிட்டது. நகரத்து அனோபிலஸ் ஸ்டீபன்சி கொசு வயலையும் வாய்க்காலையும் தேடுவதில்லை. கிணறு, மேல்நிலைத் தொட்டி, சம்ப், மூடாத டிரம் ஆகியவற்றின் சுத்தமான தண்ணீரே அதற்குப் போதும். சென்னை நெடுங்காலம் மாநில மலேரியாவின் மையமாக இருந்ததற்கு இதுவே காரணம். தண்ணீர் தட்டுப்பாடுள்ள ஊரில் குழாய் வராத நாளுக்கென்று பிடித்து வைக்காத வீடு இல்லை. வானம் வறண்டிருந்தாலும் வீட்டுக்குள் கொசுவுக்குத் தண்ணீர் கிடைத்துவிடுகிறது.

மக்களும் ஓரிடத்தில் இல்லை. சங்கரன்கோவில் வட்டாரத்தார் கேரளத்துக்கும் சென்னைக்கும் மும்பைக்கும் வேலை தேடிப் போய் வருகிறார்கள்; தமிழகமெங்கும் கட்டட வேலைகளுக்கு வட மாநிலத் தொழிலாளர்கள் வருகிறார்கள். ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் பல ஊர்களிலிருந்து கூட்டம் கூடுகிறது. ஒட்டுண்ணி மனித ரத்தத்தில் ஏறித்தான் ஊர் விட்டு ஊர் போகிறது. இதற்காக வெளியூர்க்காரரைச் சந்தேகத்தோடு பார்த்தால் அவர் காய்ச்சலை மறைப்பார். மறைத்த காய்ச்சல்தான் ஊருக்கு ஆபத்து. மொழி தெரியாத தொழிலாளியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போவது அவருக்குச் செய்யும் உதவி மட்டுமல்ல, நம் பிள்ளைகளுக்கான காப்பும்கூட.

சங்கரநாராயணர் கோவில் புற்றுமண்ணைத் தோல்நோய் தீர்க்கும் என்று பூசிக்கொள்ளும் நம்பிக்கை தலைமுறைகளாக இருக்கிறது. அந்த நம்பிக்கையோடு எனக்கு வழக்கில்லை. நெற்றியில் புற்றுமண் இருக்கட்டும். காய்ச்சல் வந்தால் விரல் நுனியிலிருந்து ஒரு துளி ரத்தமும் சிலைடுக்குப் போகட்டும்.

நோய் குறையக் குறைய ஓர் ஆபத்து கூடுகிறது. மாதக்கணக்கில் ஒரு மலேரியாச் சிலைடும் பார்க்காத ஆய்வக நுட்பநர், வரும் முதல் ஒட்டுண்ணியைத் தவறவிடலாம். மருத்துவருக்கும் டெங்கு, டைபாய்டு நினைவுக்கு வந்தபின்தான் மலேரியா நினைவுக்கு வரும். நோயாளிகள் குறைந்துவிட்டார்கள் என்று ஆய்வகப் பணியிடத்தையும் கொசு ஒழிப்புப் பணியாளரையும் குறைப்பது 1965இன் தவறைத் திரும்பச் செய்வதாகும். எண்ணிக்கை பூஜ்யத்தை நெருங்கும்போதுதான் பயிற்சியும் பணியாளரும் அதிகம் தேவை. அரசு இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

வாசகர் செய்யக்கூடியவை சிலவே, எல்லாமே கைக்கெட்டியவை. குளிர்காய்ச்சல் வந்தால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்குமுன் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கடந்த சில மாதங்களில் எந்த ஊருக்குப் போய் வந்தீர்கள் என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டியை இறுக மூடி, வாரம் ஒரு முறை காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். கொசுப் புழு கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் ஆகிறது. செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய்க்கு வலை கட்டுங்கள். வைவாக்ஸ் என்று சொல்லி மருத்துவர் 14 நாள் மாத்திரை தந்தால், காய்ச்சல் மூன்றாம் நாளே நின்றாலும், பதினான்காம் நாள் மாத்திரையையும் தவறாமல் விழுங்குங்கள்.